இராவேலை: அதன் வரலாறும் நன்மை தீமைகளும்

பகல் உழைப்புக்கும் இரவு உறக்கத்துக்கும் உரியன என்னும் பாகுபாடு மனிதன் வகுத்ததன்று, ஞாயிறு வகுத்தது. எனினும் அப்பாகுபாட்டை மனிதன் ஒருகாலத்திலும் முற்றாகக் கைக்கொண்டிலன். ஊர் உறங்கும்போது காவலன் உறங்கலாகாது. நோயாளி அரற்றும்போது அருகிருப்பவர் கண்ணயரலாகாது. நடுக்கடலிற் கப்பல் செல்லும்போது மாலுமிகள் எல்லாரும் ஒருங்கே துயிலலாகாது. பண்டை மதுரையிற் பகலிற் கூடிய நாளங்காடியோடு இரவிற் கூடிய அல்லங்காடியும் இருந்ததென்பதை மதுரைக்காஞ்சியால் அறிகின்றோம். அந்நகரின் தெருக்களிற் கள்வரைத் தேடித் திரிந்த ஊர்காவலரையும் அந்நூல் நமக்குக் காட்டுகின்றது. நம் முன்னோர் இரவை நான்கு யாமங்களாகப் பகுத்து, யாமம் ஒன்றுக்கு ஏழரை நாழிகை எனக் கணக்கிட்டனர். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் விடிவெள்ளி காலிக்கும் வேளையிலேயே துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காட்சியை நம்முள் முதியோர் பலர் நேரிற் கண்டவர்.

ஆகவே இரவில் உழைத்தல் புதியதன்று. புதியது யாதெனில், இயந்திரம் ஓயாது ஓடுதற்பொருட்டு ஒரு கூட்டத்தார் இரவு முழுதும் நின்று வேலைசெய்ய, விடிந்ததும் வேறொரு கூட்டத்தார் அவரிடத்திற் புகும் முறைமையே. இதன் வயது ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள். இம்முறைமை நன்றோ தீதோ என வினவுவோர்க்கு வரலாறு ஒருசொல்லில் விடை கூறுவதில்லை. இரவின் பயன் எவரைச் சேர்கின்றது, அதன் சுமையை எவர் தாங்குகின்றனர் என்னும் வேறிரு வினாக்களையே அது நம்முன் வைக்கின்றது. அவ்வினாக்களைத் துணைக்கொண்டு இவ்வரலாற்றின் சில பகுதிகளை ஈண்டு நோக்குவாம்.

மத்திய காலத்து ஐரோப்பிய நகரங்களிலே தொழிற்குழுக்கள் தத்தம் தொழிலுக்கு விதிகள் வகுத்திருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்துத் தொழில் விதிகள் தொகுக்கப்பட்டபோது, அவற்றுட் பல இராவேலையைத் தடைசெய்தமை தெரியவந்தது. தொழிலாளியின் உடல்நலம் கருதி மட்டும் இத்தடை எழவில்லை. மெழுகுதிரியின் மங்கல் ஒளியிற் செய்யப்படும் பண்டம் செம்மையாய் அமையாது என்பதும், இருளில் வஞ்சனை எளிது என்பதும் காரணங்களாயின. காரணம் எதுவாயினும் பயன் ஒன்றே: விளக்கின் ஒளி குறைவாய் இருந்தவரை மனிதனின் உறக்கம் காக்கப்பட்டது.

இவ்வரண் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தகர்ந்தது. 1771 இல் றிச்சாட் ஆர்க்றைற் என்பார் இங்கிலாந்தின் டேபிசயர் மாகாணத்துக் குறொம்ஃபோட் என்னுமிடத்தில் நீர்விசையால் இயங்கும் நூல் நூற்கும் ஆலையை நிறுவினார். ஆற்றுநீர் இரவிலும் ஓடியது. ஆதலால் இயந்திரமும் இரவில் ஓடலாயிற்று. பெரும்பொருள் செலவிட்டு அமைத்த இயந்திரம் பன்னிரண்டு மணித்தியாலம் சும்மா நிற்பதை முதலாளி நட்டமெனக் கருதினார். அவ்வாலையின் சாளரங்கள் இருளின் நடுவே ஒளிவிடும் காட்சியை யோசப் றைற் என்னும் ஓவியர் தீட்டியுள்ளார். மலைச்சாரலும் நிலவும் சூழ அமைந்த அவ்வோவியம் காண்பதற்கு இனியது. சாளரங்களுக்கு உள்ளே நின்றவர்களை அது காட்டுவதில்லை.

உள்ளே நின்றோரிற் பலர் சிறுவர். ஆதரவற்ற ஏழைப்பிள்ளைகளை ஊர்ப்பொறுப்பாளர் தொழில் பயில்வோராக ஆலைகளிடம் ஒப்படைத்தல் அக்காலத்து வழக்கம். பகற்கூட்டத்துச் சிறுவர் எழுந்த படுக்கையில் இராக்கூட்டத்துச் சிறுவர் படுப்பர். அதனால் லங்காசயரிற் படுக்கைகள் குளிர்வதேயில்லை என்பது மக்களிடையே வழங்கிய பேச்சென யோன் ஃபீல்டன் 1836 இல் எழுதினார். அவர் தாமே ஓர் ஆலை முதலாளி என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கொடுமையை முதலில் வெளிப்படுத்தியது ஒரு காய்ச்சல். 1784 இல் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள றட்கிளிஃப் ஆலையிலே தொற்றுக்காய்ச்சல் பரவியது. அதனை ஆராய்ந்த தோமஸ் பேசிவல் முதலிய வைத்தியர்கள், சிறுவரின் நெடுநேர உழைப்பையும் இராவேலையையும் கண்டித்தனர். இரவிலோ, நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலோ வேலைவாங்கும் ஆலைகளுக்கு ஏழைப்பிள்ளைகளை ஒப்படைக்க இசைவதில்லையென அவ்வூர் நீதவான்கள் தீர்மானித்தனர். அவ்வாலை, பிற்காலத்திற் பிரதம மந்திரியான றொபேட் பீலின் தந்தையாருக்கு உரியது. அத்தந்தையாரே 1802 இற் பாராளுமன்றத்திற் சட்டமொன்றைக் கொணர்ந்து, ஆலைகளிலே தொழில் பயிலும் சிறுவரை இரவு ஒன்பது மணிமுதற் காலை ஆறு மணிவரை வேலைசெய்விப்பதைப் படிப்படியாக ஒழிக்க வழிசெய்தார். தம் ஆலையிலே நேர்ந்த தீங்கை உணர்ந்து, தம்மையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தாமே இயற்றுவித்தமை அவர்க்குப் பெருமையே.

ஆயினும் அச்சட்டம் பெரும்பயன் தரவில்லை. தொழில் பயிலும் சிறுவரை மட்டும் அது காத்ததேயன்றிக் கூலிக்கு வந்த சிறுவரைக் காத்திலது. அதனை மேற்பார்க்க நியமிக்கப்பட்டவர் ஊதியமும் ஊக்கமும் அற்றவராயினர். அதற்கிடையில் விளக்கும் மலிந்தது. வில்லியம் மேர்டொக் என்பார் 1805 முதல் சல்ஃபோட் நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் நிலக்கரி வாயுவால் எரியும் விளக்குகளை அமைத்தார். ஆண்டொன்றுக்கு மெழுகுதிரிக்கு 2000 பவுண் செல்லுமிடத்து வாயுவிளக்குக்கு 600 பவுண் போதும் என 1808 இல் றோயல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒளியின் விலை குறைந்தபோது உறக்கத்தின் விலையும் உடன் குறைந்தது.

1833 ஆம் ஆண்டுச் சட்டமே உண்மையான திருப்பமாகும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை இரவு எட்டரை மணிமுதற் காலை ஐந்தரை மணிவரை நெசவாலைகளில் வேலைசெய்விக்கலாகாதென அது விதித்தது. அதனினும் சிறப்பாக, ஆலைக்குட் புகுந்து பார்க்கும் அதிகாரமுடைய நான்கு பரிசோதகரை அரசு சம்பளங்கொடுத்து நியமித்தது. விதி எழுதப்படுதல் வேறு, விதி காக்கப்படுதல் வேறு என்னும் உண்மையை 1802 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1833 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒப்பிட்டு மாணவர் நன்கு உணரலாம். 1844 இல் இப்பாதுகாப்பு ஆலைகளிலுள்ள பெண்களுக்கும் விரிந்தது.

இவ்விடத்து, இராவேலையின் பக்கம் நின்று கூறத்தக்கவற்றையும் நடுநிலையோடு எடுத்துரைத்தல் கடன். இரும்புருக்கும் ஊதுலையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்டுதல் இயலாது. குளிர்ந்தால் உலையே பாழாகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990 இற் போர்ச்சூழலில் நின்றுபோகும்வரை நம் குடாநாட்டுக்கும் இத்தகைய சூளையை அறிமுகப்படுத்தியிருந்தது. சூளை எரியும்வரை அதனருகே ஆள் நின்றேயாகல் வேண்டும். வைத்தியசாலை, மின்னிலையம், துறைமுகம், புகைவண்டி என்பனவும் அவ்வாறே. கிறைமியாப் போரின்போது ஸ்கூற்றாரி வைத்தியசாலையிலே விளக்கேந்தி நோயாளரிடையே சுற்றிவந்த புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை இரவில் உறங்கியிருக்கலாமே எனக் குறைகூறுவார் எவருமிலர். மேலும், ஒரே இயந்திரத்தால் இருமடங்கு மக்கள் தொழில்பெறுகின்றனர். மேலதிக ஊதியம் ஏழைக் குடும்பத்துக்கு உதவுகின்றது. இரவில் உழைப்போர் சிலர்க்குப் பகலிற் கற்கவும் வேறு கருமம் ஆற்றவும் வாய்ப்புக் கிடைக்கின்றது. பகலிற் கற்பித்து, இரவில் விளக்கடியிற் பயின்று, வெளிவாரிப் பட்டம் பெற்றவன் என்ற முறையில், இரவு தரும் பயனையும் அது வாங்கும் விலையையும் யானும் சிறிது அறிவேன். ஆனால் யான் விழித்த இரவுகள் யானே தெரிந்துகொண்டவை. அவற்றின் பயனும் என்னையே சேர்ந்தது. இவ்விரண்டும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

தவிர்க்கவியலாத இராவேலையையும் வசதிக்காக வாங்கப்படும் இராவேலையையும் பிரித்தறிதற்குப் பாண் சுடுவோர் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். காலை உணவுக்குச் சூடான பாண் வேண்டுமாயின், நள்ளிரவிலே போறணை மூட்டப்படல் வேண்டும். இலண்டன் நகரத்துப் பாண் தொழிலாளர் இரவு பதினொரு மணியளவில் வேலை தொடங்கி மறுநாட் பகல்வரை உழைத்தமையை 1862 இல் அரசுக்கு அளிக்கப்பட்ட திறெமென்கீர் அறிக்கை விரித்துரைத்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை மட்டும் அவ்விரவிலிருந்து விடுவித்தது. 1871 இல் பாரிஸ் நகரைக் கைப்பற்றி ஆண்ட கொம்யூன் ஆட்சி, ஏப்பிரல் 20 ஆந் தேதி, போறணைகளில் இராவேலையை ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. முதலாளிகள் முறையிட்டனர், தொழிலாளரோ ஊர்வலமாகச் சென்று நன்றி கூறினர். மே மாத இறுதியில் அவ்வாட்சி வீழ்ந்தது; தொழிலாளர் மீண்டும் இரவுப் போறணைக்கே சென்றனர். 1919 இற்றான் பிரெஞ்சுச் சட்டம், இரவு பத்து மணிமுதற் காலை நான்கு மணிவரை பாண் சுடுதலைத் தடைசெய்தது. 1925 இற் சர்வதேசத் தொழில் மகாநாடும் இதுபற்றிப் பொருத்தனை ஒன்றை நிறைவேற்றியது. இங்கே இரவைக் கேட்டது உலையன்று, உண்பவரின் நாவே.

நம் அயல்நாடாகிய இந்தியாவிலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. பம்பாய் ஆலைகள் நெடுங்காலம் விடியல் முதல் அந்திவரையே இயங்கின. 1905 அளவில் மின்விளக்கு அங்கே பரவியபோது, ஆலைகள் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணித்தியாலம் ஓடலாயின. இதனால் எழுந்த கிளர்ச்சியின் பின்னரே 1908 இல் ஆணைக்குழுவின் அறிக்கையும், 1911 இல் நெசவாலைகளில் ஆடவரின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணித்தியாலமாக வரையறுத்த சட்டமும் தோன்றின. அமெரிக்க உருக்காலைகளிலோ, பகற்கூட்டம் இராக்கூட்டமாக மாறும் நாளில் ஒரே தொழிலாளி இருபத்துநான்கு மணித்தியாலம் தொடர்ந்து நிற்கும் வழக்கம் நிலவியது. பன்னிரண்டு மணித்தியால முறை அங்கு 1923 இலேயே கைவிடப்பட்டது. நாளை இரண்டாகப் பகுக்காது மூன்றாகப் பகுத்தல் இயலாதென அதுவரை கூறிவந்த பெருங்கம்பனிகள், அதன் பின்னரும் உருக்கை உற்பத்தி செய்தே வந்தன.

முதலாம் உலகப்போரின்போது பிரித்தானிய அரசு, படைக்கலத் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய 1915 இல் ஒரு குழுவை நியமித்தது. இராவேலை விரும்பத்தக்கதன்று, எனினும் போர்த்தேவை கருதித் தவிர்க்கவியலாதது என்பதே அக்குழுவின் கருத்தின் சாரம். பகலுறக்கம் இரவுறக்கத்துக்கு ஈடாகாமையை அது எடுத்துக்காட்டியது. 1844 முதல் ஆலைகளின் இராவேலையினின்று விலக்கப்பட்டிருந்த பெண்கள், போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கிற் படைக்கலச் சாலைகளின் இரவுகளுக்கு அழைக்கப்பட்டனர். தேவை நேர்ந்தபோது சட்டம் வளைந்துகொடுத்தது.

பெண்களைப் பற்றிய இப்பகுதி வரலாற்றில் மிகச் சிக்கலானது. 1906 இல் பேர்ண் நகரிற் கூடிய அரசுகள், கைத்தொழிலிற் பெண்கள் இரவில் வேலைசெய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செய்தன. 1919 இல் வாஷிங்டனிற் கூடிய முதலாவது சர்வதேசத் தொழில் மகாநாடு அதனை மேலும் உறுதிப்படுத்தியது. நோக்கம் நன்று. ஆனால் தடையே சிலர்க்குப் பிழைப்பைக் கெடுப்பதாயிற்று. நியூயோர்க் மாகாணத்துச் சட்டமொன்று, பெருநகர உணவுச்சாலைகளில் இரவு பத்து மணிக்குப்பின் பெண்கள் பரிமாறுவதைத் தடுத்தது. அவ்வுணவுச்சாலைகளிலேயே பாடும் பெண்களையும் ஆடும் பெண்களையும் தடுக்கவில்லை. 1924 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லுமெனத் தீர்த்தது. உடல்நலமே கருத்தாயின், பரிமாறுபவளை வாட்டும் இரவு பாடுபவளை வாட்டாதோ என வினவியவர்க்கு விடை எளிதன்று. 1991 இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆடவர்க்கு இல்லாத தடையைப் பெண்களுக்கு மட்டும் விதித்தல் சமத்துவத்துக்கு மாறென்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டில், சர்வதேசத் தொழில் மகாநாடு இரவில் உழைக்கும் ஆண் பெண் இருபாலாரையும் ஒருங்கே காக்கும் புதிய பொருத்தனையை ஏற்றிருந்தது. இலவச உடற்பரிசோதனை, உடல் ஒவ்வாதவர்க்கு மாற்றுவேலை, தாய்மைக்காலப் பாதுகாப்பு, தக்க ஈடு என்பன அதன் கூறுகள்.

இலங்கையும் இவ்வழியிலேயே நடந்தது. பெண்களின் இராவேலையைத் தடுக்கும் சர்வதேசப் பொருத்தனையை நம் நாடு சுதந்திரத்தின் பின் ஏற்றது. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டமும் அதற்கிசைய அமைந்தது. 1978 இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. அங்கே தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தோரிற் பெரும்பாலார் தூரக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 1982 இல் அப்பொருத்தனையிலிருந்து இலங்கை விலகியது. 1984 இற் சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கியவிடத்தில் நிபந்தனைகள் வந்தன: பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இரவில் வேலைசெய்விக்கலாகாது, தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், ஊதியம் ஒன்றரை மடங்கிற் குறையலாகாது, பெண் மேற்பார்வையாளரும் இளைப்பாறும் அறையும் வேண்டும், மாதத்தில் இராவேலை பத்து நாளைத் தாண்டலாகாது. இவை நல்ல நிபந்தனைகளே. ஆயினும் வீட்டின் கடனைத் தலையிற் சுமந்து வந்த பெண்ணின் “விருப்பம்” எத்துணை விடுதலையுடையது என்பதைச் சட்டப்புத்தகம் அளந்து கூறாது. 1833 இல் இங்கிலாந்து கற்ற பாடமே இங்கும் பொருந்தும்: நிபந்தனையின் வலிமை அதனைப் பார்வையிடுபவரின் வலிமையே.

உடலைப்பற்றி முன்னோர் அனுபவத்தால் ஊகித்ததை இன்று விஞ்ஞானம் உறுதிப்படுத்தியுள்ளது. 1729 இல் டி மேறான் என்னும் பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருளில் வைத்தபோதும், பகற்பொழுதில் அதன் இலைகள் விரிந்தமையைக் கண்டார். ஞாயிற்றைக் காணாமலே செடி காலமறிந்தது. அத்தகைய கடிகாரம் உயிர்களின் உள்ளே எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பழ ஈக்களிற் கண்டறிந்த ஹோல், றொஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017 இல் நோபல் பரிசு பெற்றனர். இரவில் உழைப்பவர் இக்கடிகாரத்தோடு போராடுகின்றனர். அவரது பகலுறக்கம் குறுகியது, கலைவது. இரவுநேர முறைவேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என 2007 இல் வகுத்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2019 இலும் அம்முடிவையே வலியுறுத்தியது. மூன்று மைல் தீவு அணுநிலைய விபத்து 1979 இல் அதிகாலை நான்கு மணியளவிலும், போபால் நச்சுவாயுக் கசிவு 1984 இல் நள்ளிரவையொட்டியும், செர்னோபில் வெடிப்பு 1986 இல் இரவு ஒன்றரை மணிக்குச் சற்று முன்னும் நிகழ்ந்தன. இவற்றுக்குக் காரணங்கள் பல. இயந்திரக் குறைபாடும் நிருவாகக் குறைபாடும் அவற்றுள் முதன்மையானவை. எனினும் மூன்றும் மனிதனின் விழிப்பு தளரும் வேளையிலே நேர்ந்தமை நோக்கற்பாலது.

இனி முடிவுக்கு வருவாம். இராவேலையை அறவே ஒழித்தல் இயலாது, ஒழித்தலும் ஆகாது. ஆயின் அதனை எவ்வாறு பங்கிடுவது? பழைய பாய்க்கப்பல்களிலே இதற்கோர் அரிய வழி இருந்தது. நாள் முழுவதையும் நான்கு மணித்தியாலக் காவல்களாகப் பகுத்து, இரு கூட்டத்தார் மாறிமாறி நின்றனர். அவ்வாறு பகுத்தாற் காவல்கள் ஆறாகும். ஒரே கூட்டத்தாரே நாடோறும் நள்ளிரவுக் காவலில் நிற்க நேரும். அதனைத் தவிர்க்க, மாலை நான்கு மணிமுதல் எட்டு மணிவரையுள்ள காவலை மட்டும் இரண்டாகப் பிளந்து, மொத்தம் ஏழாக்கினர். எண் ஒற்றைப்படையானதால், இன்று நள்ளிரவில் நின்றவர் நாளை நள்ளிரவில் உறங்கினர். கப்பலின் தேவை குறையவில்லை. காற்றும் கடலும் மாறவில்லை. சுமை மட்டும் சமமாயிற்று.

இருநூற்றைம்பது ஆண்டுக் கதையின் சாரமும் இதுவே. இரவு தவிர்க்கவியலாததாயின், அது சிறுவர்மேலும் எளியவர்மேலும் மட்டும் விழலாகாது. முறைமாறி வரல் வேண்டும், தக்க ஊதியத்தோடு வரல் வேண்டும், உடல்நலம் பேணப்படல் வேண்டும். வசதிக்காக மட்டும் வேண்டப்படுவதாயின், அவ்வசதி ஒருவரின் உறக்கத்துக்கு ஈடாகுமோ என ஒருகணம் எண்ணுதல் வேண்டும். இக்கல்லூரியிற் பயிலும் மாணவருட் சிலர் நாளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இரவிற் கண்விழிப்பர். சிலர் பிறரைக் கண்விழிக்கப் பணிக்கும் நிலையில் இருப்பர். முன்னவர்க்குத் தம் உரிமையும், பின்னவர்க்குத் தம் கடனும் இவ்வரலாற்றால் விளங்குமாயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.